எட்டு நிமிடம்

குசினிக் கதவுக்கு மேலே ஒரு மணி.
வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை
அது நெருப்பு மணி என்று நினைத்து
அடுப்பை அணைத்துவிட்டு வீதிக்கு ஓடினேன்.
முதலாளி மழையில் வந்து கூட்டிப்போனார்:
நெருப்புக்கு அல்ல, வாக்குக்கு.
அடித்தால் எட்டு நிமிடம்.
அதற்குள் பாராளுமன்றம் போய்ச் சேராத உறுப்பினருக்குக்
கதவு சாத்திவிடுவார்கள்.

இன்றிரவு வாக்கெடுப்பு:
படையைத் திருப்பி அழைப்பதா.
பாலத்தில் பின்னேரம் முதல் பதாகைகள்.
உள்ளே எல்லா மேசையும் நிரம்பிவிட்டது.
விவாதம் நீளும் நாட்களில்
ஆட்டிறைச்சி அதிகம் போகும்.

ஏழாம் மேசை சொல்கிறது:
இப்போது திரும்பினால்
செத்தவர்களுக்கு என்ன பதில்?
மூன்றாம் மேசையில் ஒரு பெண்
முள்ளுக்கரண்டியால் காற்றைக் குத்துகிறார்:
இனிச் சாகப்போகிறவனுக்கு என்ன பதில்,
அதைச் சொல்லுங்கள்.
நான் தண்ணீர் ஊற்றினேன்.

உள்ளே க்வென்லியன்
ஒரே சட்டியை அரை மணியாய்த் தேய்க்கிறாள்.
அவள் மகன் எம்ரிஸ் அங்கே போய்ப் பதினொரு வாரம்.
வரட்டும், என்கிறாள்.
கொஞ்சம் பொறுத்து,
தோற்று வந்தானென்று எவனும் சொல்லக்கூடாது.
பிறகு குழாயைத் திருகி,
எப்படியாவது வரட்டும்.

வெங்காயம் நறுக்குகிற ஹொமாயூன்
அந்த நாட்டுக்காரன்.
(வெங்காயத்தைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்,
அவன் கண் அதற்கு எப்போதோ பழகிவிட்டது.)
மாமாவின் வீட்டில் குண்டு போட்டது இவர்கள்.
அக்காவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்ததும்
இவர்கள்தான்.
போய்விட்டால் மறுநாள்
அவள் பெயர் யாரோ ஒருவன் பட்டியலில் இருக்கும்.
இருந்தால் இன்னொரு மாமா.
"நீ என்றால் எந்தப் பக்கம் போவாய்?"
என்னைக் கேட்டான்.

என் ஊருக்கும் ஒரு படை வந்தது,
அமைதி காக்க என்று சொல்லிக்கொண்டு.
போகட்டும் என்று நாங்கள் நேராத கோயில் இல்லை.
போனது.
அவர்கள் விட்டுப்போன மண்மூட்டைகளுக்குப் பின்னால்
அடுத்த நாளே வேறு பொடியன்கள் நின்றார்கள்.
மூட்டையை யாரும் மாற்றவில்லை.
போயிருக்கக்கூடாது என்று சொல்ல
எனக்கு இன்றைக்கும் வாய் வராது.
இதை எந்த மேசைக்குக் கொண்டுபோய் வைக்க?
ஹொமாயூனிடம், கறி பிடிக்கப்போகிறது, கிளறு, என்றேன்.

பத்துக்கு எட்டு நிமிடம் இருக்க
மணி அடித்தது.
கதிரைகள் பின்னுக்குத் தள்ளுண்டன.
ஒருவர் வாயில் ரொட்டியோடு ஓடினார்.
நாலாம் மேசைக்காரர் கைத்தடி ஊன்றி எழும்ப
கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.
வாசல்வரை போய்க் கை நுழைத்தபோது
உள்ளேயிருந்து யாரோ பெண்ணின் கழுத்துத்துணி வந்தது.
எல்லாக் கோட்டும் கறுப்பு.
அவருடையது ஏழாவது கொக்கியில்.
ஒன்றரை நிமிடம்.

இருபது நிமிடம் கழித்து நனைந்து திரும்பினார்.
மூக்குக்கு முன்னால் சாத்தினார்கள், என்றார்,
கோபம் இல்லாமல்.
அந்த மீனை மறுபடி சூடாக்க முடியுமா?

முடியும்.
வானொலி சொன்னது: தீர்மானம் தோல்வி,
மூன்று வாக்கால்.
மைக்ரோவேவ் சுற்றச் சுற்ற நான் கணக்குப் பார்த்தேன்.
அவர் ஆம் என்று போயிருந்தாலும்
இரண்டு மிச்சம் இருக்கும்.
இல்லை என்றால் நாலு.
கணக்கு என்னை விட்டுவிட்டது.
நான்தான் அதை விடாமல்
திரும்பத் திரும்பக் கழித்துக்கொண்டிருந்தேன்.

எந்தப் பக்கம் போக இருந்தீர்கள் என்று
கேட்க வாய் எடுத்தேன்.
உப்புப் போதுமா, என்று கேட்டேன்.
ஓரம் கருகிய மீனை
ஒரு சொல் இல்லாமல் சாப்பிட்டு முடித்தார்,
வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காசு வைத்தார்.

"எத்தனை?" என்றாள் க்வென்லியன்,
முதுகைத் திருப்பாமல்.
மூன்று.
சட்டியை ஈரத்தோடு கவிழ்த்தாள்.
மணியை அண்ணாந்து பார்த்தாள்.
"மறுபடி எப்போது அடிக்கும்?"

அதை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை,
என்றேன்.
ஹொமாயூன் அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.